செயற்கைக்கோளைச் சுடும் ஆயுதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்வெளியைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ராக்கெட் ஏவும் நாட்களைவிட, எங்காவது போர் மூளும் நாட்களில்தான் கேள்விகள் அதிகம் வருகின்றன. “மேலே சுற்றுகிற செயற்கைக்கோளையும் அடிப்பார்களாமே, உண்மையா?” என்று தொடங்கி, “அப்படியானால் நம் செல்போன் நின்றுவிடுமா?” என்று முடியும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குப் பழைய கதைகளைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

செயற்கைக்கோளைச் சுட்டு வீழ்த்துவது உண்மையிலேயே முடியுமா?

சுட முடியும், வீழ்த்த முடியாது. ‘சுட்டு வீழ்த்தியது’ என்று செய்தித்தாள்கள் எழுதுவது விமானத்தை வைத்து வந்த பழக்கம். அடிபட்ட விமானம் கீழே விழும். அடிபட்ட செயற்கைக்கோளோ நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான துண்டுகளாகி, ஏறத்தாழ முன்பு சுற்றிய வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி தானாக விளங்கிவிடும்.

அடிக்கும் முறை, கேட்பதற்கு எளியது. சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் வினாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அதன் பாதையில், அது வரும் கணத்தில், ஓர் உலோகக் கட்டையைக் கொண்டுபோய் நிறுத்தினால் போதும். வெடிமருந்தே தேவையில்லை, வேகமே வெடிமருந்து. அது எப்போது எங்கே வரும் என்று தெரிந்துகொள்வதும் கடினமல்ல. நம் ஊர் டவுன் பஸ் தாமதமாக வரலாம், செயற்கைக்கோள் வராது. வீட்டு மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்திருக்கும் ஆர்வலர்களே உளவு செயற்கைக்கோள்களின் பாதையைக் கணக்கிட்டு வெளியிடுகிறார்கள்.

கடினம் எங்கே என்றால், கடைசிச் சில வினாடிகளில். இரண்டு பக்கமும் சேர்த்து வினாடிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கும்போது, இலக்கைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் கருவி வேண்டும். அது எல்லோரிடமும் இல்லை.

இதுவரை எந்த நாடுகள் இப்படிச் சுட்டிருக்கின்றன?

நான்கு நாடுகள்: அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா. நான்குமே தங்கள் சொந்தச் செயற்கைக்கோளைத்தான் ஏவுகணையால் அடித்திருக்கின்றன. அடுத்தவருடையதை இப்படி உடைத்த நாடு இன்றுவரை இல்லை.

1985 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் எஃப்-15 போர் விமானம் ஒன்று வேகமாக மேலேறி ஒரு ஏவுகணையை விட்டது. 500 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த சோல்விண்ட் சிதறியது. சூரியனைக் கவனித்து அறிவியலாளர்களுக்குத் தரவு அனுப்பிக்கொண்டிருந்த, உயிரோடிருந்த செயற்கைக்கோள் அது. அதை நம்பி ஆய்வு செய்துகொண்டிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேல் யாரும் சுடவில்லை. 2007 ஜனவரி 11 அன்று சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளான ஃபெங்யுன்-1சி-யை அடித்தது. உயரம் ஏறத்தாழ 865 கிலோமீட்டர். விண்வெளி வரலாற்றிலேயே மிக மோசமான குப்பை அன்றுதான் உண்டானது. ரேடாரில் தெரியும் அளவுள்ள துண்டுகளே 3,000-க்கும் மேல். சுட்ட செய்தி வெளிநாட்டுப் பத்திரிகையில் வெளிவந்த பிறகும் சீன அரசு சில நாட்கள் வாய் திறக்கவில்லை. சுட்டுப் பன்னிரண்டு நாட்கள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டது.

மறு ஆண்டே, 2008 பிப்ரவரியில், அமெரிக்கா பதில் சொல்வது போல ஒன்றைச் செய்தது. செயலிழந்து கீழே இறங்கிக்கொண்டிருந்த யு.எஸ்.ஏ-193 என்ற உளவு செயற்கைக்கோளை, பசிபிக் கடலில் நின்ற ‘லேக் எரி’ போர்க்கப்பலிலிருந்து அடித்தது. அதன் தொட்டியில் இருந்த ஹைட்ரசீன் என்ற நச்சு எரிபொருள் மனிதர்கள் மேல் விழக்கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணத்தை முழுதாக நம்பியவர்கள் குறைவு. ஆனால் சுமார் 250 கிலோமீட்டர் உயரத்தில் அடித்ததால் துண்டுகள் விரைவில் எரிந்துபோயின என்பதையும் சொல்லவேண்டும். கவனிக்க வேண்டியது இன்னொன்று: அவர்கள் பயன்படுத்தியது எஸ்.எம்-3 என்ற ஏவுகணைத் தடுப்பு ஆயுதம். அதாவது, எதிரி ஏவுகணையை வானில் மறிக்கத் தெரிந்த நாட்டுக்கு, தாழப் பறக்கும் செயற்கைக்கோளை அடிக்கவும் தெரியும்.

2019-இல் இந்தியா, 2021-இல் ரஷ்யா. இரண்டுக்கும் தனித்தனியாகக் கேள்விகள் வருவதால் கீழே.

நம் ‘மிஷன் சக்தி’ குப்பையே போடவில்லை என்கிறார்கள். சரியா?

போடவில்லை என்பது சரியல்ல. குறைவாகப் போட்டது என்பது சரி.

2019 மார்ச் 27 அன்று ஒடிசா கடற்கரைக்கு அப்பாலுள்ள அப்துல் கலாம் தீவிலிருந்து, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. ஏவிய ஏவுகணை, மைக்ரோசாட்-ஆர் என்ற 740 கிலோ செயற்கைக்கோளை அடித்தது. அதே ஆண்டு ஜனவரியில் பி.எஸ்.எல்.வி. சி-44 கொண்டுபோய் விட்டதுதான் அது. மூன்றே நிமிடங்களில் முடிந்த வேலை என்று பிரதமர் மோடி தொலைக்காட்சியில் அறிவித்தார். உயரம் 300 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு தாழ்வாகத் தேர்ந்தெடுத்தது பொறுப்பான முடிவு. சீனா அடித்த உயரத்தோடு ஒப்பிட்டால் இது தெரியும். அங்கே காற்றின் உராய்வு துண்டுகளைப் பிடித்து இழுத்துவிடும். 45 நாட்களில் எல்லாம் எரிந்துவிடும் என்றார் அப்போதைய டி.ஆர்.டி.ஓ. தலைவர் சதீஷ் ரெட்டி.

பெரும்பாலானவை எரிந்தன. ஆனால் வினாடிக்கு 10 கிலோமீட்டர் வேக மோதலில் எல்லாத் துண்டுகளும் சமர்த்தாகக் கீழே இறங்குவதில்லை. சில மேல்நோக்கி எறியப்படும். சில நாட்களிலேயே நாசா தலைவர் ஜிம் பிரைடன்ஸ்டைன், 24 துண்டுகள் சர்வதேச விண்வெளி நிலையத்தின் உயரத்தையும் தாண்டிச் செல்கின்றன என்றும், இது மிக மோசமான செயல் என்றும் வெளிப்படையாகக் கண்டித்தார். ஓராண்டு கடந்தும் சில துண்டுகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. அமெரிக்கர்கள் கண்டிக்கலாமா என்பது வேறு விஷயம். சோல்விண்டை நினைத்தால் சிரிப்பு வரும். ஆனால் 45 நாள் கணக்கு தவறிப்போனது என்பதை நாமும் சொல்லிக்கொள்ளலாம். தேசபக்தி குறைந்துவிடாது.

ரஷ்யா சுட்டபோது விண்வெளி வீரர்கள் ஒளிந்துகொண்டார்களா?

ஆம். 2021 நவம்பர் 15. ரஷ்யா தன் நூடோல் ஏவுகணையால் காஸ்மாஸ் 1408-ஐ அடித்தது. 1982-இல் ஏவப்பட்டு, எப்போதோ செத்துப்போய்ச் சுற்றிக்கொண்டிருந்த, ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள சோவியத் காலத்துச் செயற்கைக்கோள். கண்காணிக்கக்கூடிய 1,500-க்கும் மேற்பட்ட துண்டுகளானது. உயரம் 480 கிலோமீட்டர் அளவில். விண்வெளி நிலையம் அதற்குக் கீழே, 420 அருகில். குப்பை கீழே இறங்கும் வழியில்தான் நிலையம் இருக்கிறது.

அப்போது நிலையத்தில் ஏழு பேர் இருந்தார்கள். நான்கு அமெரிக்கர்கள், ஒரு ஜெர்மானியர், இரண்டு ரஷ்யர்கள். அமெரிக்கர்களில் ஒருவரான ராஜா சாரியின் தந்தை இந்தியாவிலிருந்து குடியேறியவர். நிலையம் துண்டு மேகத்தை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கடந்தது. ஏழு பேரும் தங்களைத் திரும்ப அழைத்துவரும் டிராகன், சோயுஸ் கலங்களுக்குள் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அடி விழுந்தால் உடனே கழன்று பூமிக்கு ஓட வேண்டும். மாஸ்கோவில் எடுத்த முடிவால் அங்கே கதவை அடைத்துக்கொண்டவர்களில் ஆன்டன் ஷ்காப்லெரோவும் பியோத்தர் துப்ரோவும் அடக்கம் என்பதுதான் இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்துவது.

இதில் இன்னொரு பொருத்தமும் உண்டு. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் விண்வெளி நிலையம் தன் பாதையைச் சற்று உயர்த்திக்கொண்டது. 2007-இல் சீனா உடைத்த ஃபெங்யுன் துண்டு ஒன்றுக்கு வழிவிட. பதினான்கு ஆண்டுக்கு முந்தைய குப்பையிலிருந்து விலகி, அதே வாரத்தில் புதுக் குப்பைக்குள் நுழைந்தார்கள்.

ஒரு சின்னத் துண்டு என்ன பெரிதாகச் செய்துவிடும்?

ஒரு கிராம் எடையுள்ள உலோகச் சில்லு வினாடிக்கு 10 கிலோமீட்டரில் வந்து மோதினால் அதன் ஆற்றல் 50 கிலோ ஜூல். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிளின் ஆற்றலைவிட இது அதிகம். அத்தனையும் ஒரு சட்டைப் பொத்தானளவு இடத்தில் இறங்குகிறது.

10 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவற்றை ரேடார்கள் பின்தொடர்கின்றன, வழிவிட முடியும். ஒரு சென்டிமீட்டருக்கும் பத்து சென்டிமீட்டருக்கும் இடைப்பட்டவைதான் ஆபத்து. செயற்கைக்கோளைக் கொல்லப் போதுமான பெரியவை, கண்ணில் படாத அளவுக்குச் சிறியவை. அவை பத்து லட்சம் அளவில் இருக்கும் என்று ஐரோப்பிய விண்வெளி முகமையின் மதிப்பீடுகள் சொல்கின்றன. எல்லாமே ஆயுதச் சோதனையால் வந்தவை அல்ல. வெடித்த ராக்கெட் கட்டங்களும் விபத்துகளும் உண்டு. 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே, 790 கிலோமீட்டர் உயரத்தில், வேலை செய்துகொண்டிருந்த இரிடியம் 33-உம் செத்துப்போன காஸ்மாஸ் 2251-உம் ஒன்றோடொன்று மோதி இரண்டாயிரம் துண்டுகள் ஆயின. யாரும் யாரையும் சுடவில்லை.

துண்டு இன்னொன்றை உடைக்க, அந்தத் துண்டுகள் வேறொன்றை உடைக்க, கடைசியில் அந்த உயரமே பயன்படாமல் போகலாம் என்று நாசாவின் டொனால்ட் கெஸ்லர் 1978-லேயே எழுதினார். திரைப்படங்களில் இது அரை மணி நேரத்தில் நடக்கும். உண்மையில் பல பத்தாண்டுகள் எடுக்கும் மெதுவான வியாதி.

அப்படியானால் போர் வந்தால் ஏவுகணைகளால் மாறி மாறிச் சுட்டுக்கொள்வார்களா?

செய்யமாட்டார்கள் என்று உறுதி தர யாராலும் ஆகாது. ஆனால் என் கருத்தில் இந்த ஏவுகணைகள் காட்டுவதற்கான ஆயுதங்கள். உடைந்த துண்டுக்குக் கொடி கிடையாது. சுட்டவனின் செயற்கைக்கோளையும் அது அடிக்கும். யார் சுட்டது என்பதும் சில நிமிடங்களில் உலகத்துக்குத் தெரிந்துவிடும்.

உண்மையில் அன்றாடம் பயன்படுத்தப்படும் ஆயுதங்கள் வேறு. அவை சத்தம் போடுவதில்லை, துண்டு போடுவதில்லை, “நான் இல்லையே” என்று கைவிரிக்க இடம் தருகின்றன. ஏவுகணைக் காட்சிகளையே பார்த்துக்கொண்டிருப்பதால் இவற்றை நாம் தவறவிடுகிறோம்.

அந்த ‘சத்தமில்லாத’ ஆயுதங்கள் எவை?

முதலாவது, கீழிருந்து வரும் கணினித் தாக்குதல். இதற்கு நல்ல உதாரணம் 2022 பிப்ரவரி 24. ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த அதே அதிகாலையில், வயாசாட் நிறுவனத்தின் கே.ஏ-சாட் என்ற செயற்கைக்கோளின் வழியே இணையம் பெற்றுவந்த பல்லாயிரக்கணக்கான மோடம்கள் ஒரே நேரத்தில் செத்தன. செயற்கைக்கோளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதை நிர்வகிக்கும் தரைக் கணினி வலையமைப்புக்குள் புகுந்து, அங்கிருந்து மோடம்களுக்குக் கட்டளை அனுப்பி, அவற்றின் நினைவகத்தை அழித்துவிட்டார்கள். உக்ரைன் ராணுவத்தின் தொடர்பைக் குலைப்பதே நோக்கம். ஆனால் ஜெர்மனியில் 5,800 காற்றாலைகள் தொலைக் கண்காணிப்பை இழந்தன. மின்சாரம் தொடர்ந்து உற்பத்தியானது. ஆலைகளை எட்ட இருந்து பார்க்கவோ இயக்கவோதான் முடியவில்லை. உக்ரைன் போரின் முதல் மணி நேரத்தில் ஜெர்மானியக் காற்றாலை ஏன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்? விண்வெளித் தாக்குதலுக்கு எல்லைக்கோடு போட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவைக் குற்றம் சாட்ட மே மாதம் ஆகிவிட்டது.

இரண்டாவது, சமிக்ஞையைக் குழப்புவது. இது தனிக் கேள்வியாகவே கீழே வருகிறது.

மூன்றாவது, லேசர். உளவு செயற்கைக்கோளின் கேமராவைத் தரையிலிருந்து லேசர் ஒளியால் கூசவைக்கலாம். வலிமை கூடினால் குருடாக்கலாம். அமெரிக்கா 1997-லேயே நியூ மெக்சிகோவிலிருந்து தன் செயற்கைக்கோள் ஒன்றின் மேல் இதைச் சோதித்தது.

நான்காவதுதான் எனக்கு மிகவும் சுவாரசியமானது: பக்கத்தில் வந்து நிற்கும் செயற்கைக்கோள். 2019 நவம்பரில் ரஷ்யா காஸ்மாஸ் 2542-ஐ ஏவியது. சில நாட்களில் அதன் வயிற்றிலிருந்து காஸ்மாஸ் 2543 வெளியே வந்தது. இரண்டும் சேர்ந்து அமெரிக்காவின் பெரிய உளவு செயற்கைக்கோள் ஒன்றை நெருங்கித் தொடர்ந்தன. 2020 ஜூலையில் 2543-இலிருந்து மூன்றாவதாக ஒன்று வேகமாக எறியப்பட்டது. ஆயுதச் சோதனை என்றது அமெரிக்கா. வழக்கமான ஆய்வு என்றது ரஷ்யா. பொம்மைக்குள் பொம்மை வைக்கும் மத்ரியோஷ்கா ஞாபகம் வராமல் இருக்காது. அதற்கு முன்பே, 2017-இல் தங்கள் ராணுவத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளின் அருகே லூச்-ஒலிம்ப் என்ற ரஷ்யச் செயற்கைக்கோள் வந்து ஒட்டுக்கேட்க முயன்றது என்று பிரான்சின் பாதுகாப்பு அமைச்சர் ஃப்ளோரன்ஸ் பார்லி பகிரங்கமாகச் சொன்னார்.

பக்கத்தில் வருவதே குற்றமா? நாம்கூட இரண்டு செயற்கைக்கோள்களை இணைத்தோமே?

அங்கேதான் சிக்கல். 2025 ஜனவரி 16 அன்று இஸ்ரோ ஸ்பேடெக்ஸ் திட்டத்தில் இரண்டு செயற்கைக்கோள்களை இணைத்தது. சந்திரனிலிருந்து மண் எடுத்துவரவும் சொந்த விண்வெளி நிலையம் கட்டவும் அந்தத் திறன் இல்லாமல் முடியாது. 2022 ஜனவரியில் சீனாவின் ஷிஜியான்-21, செத்துப்போன பெய்டோ என்ற வழிகாட்டிச் செயற்கைக்கோள் ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் யாருக்கும் இடையூறில்லாத உயரத்தில் விட்டது. துப்புரவுப் பணி, பாராட்டத்தக்கது. ஆனால் செத்த செயற்கைக்கோளை இழுத்துச் செல்லத் தெரிந்த கைக்கு, உயிரோடு இருப்பதையும் இழுக்கத் தெரியும். அரிவாள்மணை காய் நறுக்கவா, கழுத்தை அறுக்கவா என்று அரிவாள்மணையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஜி.பி.எஸ். சமிக்ஞையைக் குழப்புவது அவ்வளவு எளிதா?

வருத்தத்துக்குரிய அளவுக்கு எளிது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் சமிக்ஞை நம் கைப்பேசிக்கு வரும்போது எவ்வளவு மெலிந்திருக்கும் தெரியுமா? ஒரு வாட்டைக் கோடி கோடியால் வகுத்து, வந்ததை மறுபடி நூறால் வகுங்கள். அந்த அளவு. அதே அலைவரிசையில் பக்கத்தில் யாராவது இரைச்சல் போட்டால் முடிந்தது. திருவிழா ஒலிபெருக்கிக்கு அருகே நின்று எறும்பின் காலடியைக் கேட்பது போல. இது ஜாமிங்.

ஸ்பூஃபிங் இதைவிடக் கள்ளத்தனமானது. இரைச்சலுக்குப் பதிலாக, அசல் போலவே ஒரு பொய்ச் சமிக்ஞையை அனுப்புவார்கள். கருவி நிற்காது, நம்பிக்கையோடு தவறான இடத்தைக் காட்டும். 2017 ஜூனில் கருங்கடலில் நோவரசீஸ்க் துறைமுகம் அருகே சென்ற சுமார் இருபது கப்பல்களின் கருவிகள், அவை நிலத்துக்குள் இருக்கும் கெலெஞ்சிக் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. 2024 ஏப்ரலில் எஸ்டோனியாவின் தார்த்து நகரில் இறங்க முடியாமல் ஃபின்ஏர் விமானங்கள் இரண்டு திரும்பின. அந்த நிறுவனம் ஒரு மாதம் அந்த வழித்தடத்தையே நிறுத்தியது. 2025 நவம்பரில் டெல்லியை நெருங்கிய சில விமானங்களில் ஸ்பூஃபிங் தென்பட்டதாக இந்திய அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

விமானிக்கு வேறு கருவிகள் உண்டு. தரை நிலைய உதவி உண்டு. ராமேஸ்வரத்திலோ நாகப்பட்டினத்திலோ இருந்து இரவில் போகும் விசைப்படகுக்கு அந்தக் கையடக்கக் கருவிதான் எல்லாம். கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோட்டின் அருகே அது சில கிலோமீட்டர் பொய் சொன்னால் என்னாகும் என்பதை அந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வலை எங்கே, கரை எங்கே, கோடு எங்கே என்பதை நட்சத்திரத்தையும் நீரோட்டத்தையும் பார்த்துச் சொன்ன தலைமுறை குறைந்துவருகிறது.

செல்போன் நின்றுவிடுமா?

பேச்சு உடனே நிற்காது. நம் அழைப்புகளில் பெரும்பகுதி கோபுரங்களிலும் கண்ணாடி இழைக் கம்பிகளிலும்தான் போகிறது. ஆனால் பல வலையமைப்புகள் நேரத்தை நுண்ணிய துல்லியத்தோடு ஒத்திசைக்கச் செயற்கைக்கோள் கடிகாரங்களையே நம்புகின்றன. வழி காட்டுவதைவிட நேரம் காட்டுவதுதான் ஜி.பி.எஸ்.ஸின் பெரிய வேலை. மற்றபடி முதலில் அடிபடுவது வரைபடம், புயல் எச்சரிக்கை, விமானப் போக்குவரத்து, டி.டி.எச். தொலைக்காட்சி. கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவே டி.டி.எச். நின்றால்தான் பலருக்கு விண்வெளிப் போர் தொடங்கியதே தெரியவரும்.

விண்வெளியில் அணுகுண்டு வைக்க ரஷ்யா திட்டமிடுவதாகச் செய்தி வந்ததே?

2024 பிப்ரவரியில் அமெரிக்கா அப்படிச் சொன்னது. ஏற்கெனவே அணு ஆயுதம் மேலே இருக்கிறது என்று சொல்லவில்லை, உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றது. 2022 பிப்ரவரியில் ஏவப்பட்டு, சுமார் 2,000 கிலோமீட்டர் உயரத்தில், வேறு யாரும் அதிகம் பயன்படுத்தாத கதிரியக்கம் மிகுந்த பகுதியில் சுற்றும் காஸ்மாஸ் 2553-ஐ அந்தத் திட்டத்தோடு சேர்த்துப் பேசுகிறார்கள். புதின் மறுத்தார். இரு பக்கத்துப் பேச்சையும் வெளியிலிருந்து சரிபார்க்க வழியில்லை.

ஆனால் அது வெடித்தால் என்னாகும் என்பது ஊகமல்ல. செய்து பார்த்திருக்கிறார்கள். 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா பசிபிக்கில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் 1.4 மெகாடன் குண்டை வெடித்தது. பெயர் ஸ்டார்ஃபிஷ் பிரைம். ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர் தள்ளி ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன, வானம் நிறம் மாறியது. அது வேடிக்கை. வினை பிறகு வந்தது: வெடிப்பில் பிறந்த எலக்ட்ரான்கள் பூமியின் காந்தப்புலத்தில் சிக்கி மாதக்கணக்கில் சுற்றி, மேலே போன செயற்கைக்கோள்களை ஒவ்வொன்றாக அரித்தன. பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளான ஏரியல்-1 பழுதானது. வெடிப்புக்கு மறுநாள் ஏவப்பட்ட டெல்ஸ்டார், கண்டம் தாண்டித் தொலைக்காட்சியை நேரலையாகக் காட்டி உலகை வியக்கவைத்த அதே டெல்ஸ்டார், சில மாதங்களில் செயலிழந்தது. அன்று மேலே இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இன்று தாழ்ந்த சுற்றுப்பாதையில் பல ஆயிரம்.

இதற்கெல்லாம் சட்டமே கிடையாதா?

இருக்கிறது, ஓட்டையோடு. 1967-இன் விண்வெளி ஒப்பந்தம் அணு ஆயுதங்களையும் பேரழிவு ஆயுதங்களையும் சுற்றுப்பாதையில் வைக்கக்கூடாது என்கிறது. சாதாரண ஆயுதங்களைப் பற்றிப் பேசவில்லை. தரையிலிருந்து ஏவி உடைப்பதையும் தடுக்கவில்லை. எனவே மேலே சொன்ன ஐந்து ஏவுகணைச் சோதனைகளில் எதையும் அந்த ஒப்பந்தத்தை மீறிய செயல் என்று நேரடியாகக் காட்டுவது கடினம்.

புது விதி எழுதுவதில் ஒவ்வொரு நாடும் அடுத்தவரின் ஆயுதத்தைத் தடைசெய்ய விரும்புகிறது. ரஷ்யாவும் சீனாவும் 2008-லிருந்து முன்வைக்கும் வரைவு, விண்வெளியில் ஆயுதம் வைப்பதைத் தடுக்கும். அவர்கள் கைவசம் வைத்திருக்கும் தரை ஏவுகணைகளைத் தொடாது. அமெரிக்கா 2022 ஏப்ரலில், செயற்கைக்கோளை உடைக்கும் ஏவுகணைச் சோதனை இனிச் செய்யமாட்டோம் என்று தானாக அறிவித்தது. இரண்டு முறை செய்து கற்றுக்கொண்ட பிறகு. இருந்தாலும் நல்ல அறிவிப்புதான். அதையொட்டி அந்த டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்துக்கு 155 நாடுகள் ஆதரவளித்தன. ரஷ்யா, சீனா உள்ளிட்ட 9 நாடுகள் எதிர்த்தன. 9 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. இந்தியா அதில் ஒன்று. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமே வேண்டும், வெறும் உறுதிமொழி போதாது என்பது டெல்லியின் நெடுநாள் வாதம். வாதம் தவறில்லை. ஆனால் தாழ்வான உயரத்தில் பொறுப்போடு சுட்டோம் என்று சொன்ன நாடு, இனி யாரும் சுட வேண்டாம் என்ற பக்கம் நின்றிருந்தால் அந்தச் சொல்லுக்கு எடை கூடியிருக்கும்.

அணு ஆயுதத்தை மேலே வைக்காதீர்கள் என்று 1967 ஒப்பந்தத்தையே திரும்பச் சொன்ன அமெரிக்க-ஜப்பானியத் தீர்மானத்தை, 2024 ஏப்ரல் 24 அன்று பாதுகாப்பு சபையில் ரஷ்யா வீட்டோ செய்தது. 13 நாடுகள் ஆதரவு, சீனா நடுநிலை.

தனியார் செயற்கைக்கோள்களையும் தாக்கலாமா?

2022 அக்டோபரில் ஐ.நா.வில் ரஷ்ய அதிகாரி கான்ஸ்தந்தீன் வொரன்ட்சோவ், போரில் பயன்படுத்தப்படும் ‘அரைகுறைச் சிவில்’ விண்வெளி அமைப்புகள் பதிலடிக்கு நியாயமான இலக்காகலாம் என்றார். பெயர் சொல்லவில்லை, எலான் மஸ்க் நிறுவனம் இணையம் தருவதற்காகப் பறக்கவிட்டிருக்கும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் என்று எல்லோருக்கும் புரிந்தது. போர்ச் சட்டப்படி ராணுவத்துக்கு நேரடியாக உதவும் பொருள் இலக்காகலாம் என்பதால் அவர் பேச்சை வெறும் மிரட்டல் என்று ஒதுக்கவும் முடியாது. அதே செயற்கைக்கோளில்தான் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்பதால் ஏற்கவும் முடியாது.

தற்காத்துக்கொள்ள என்ன வழி?

ஒரே பெரிய செயற்கைக்கோளை நம்பாமல் பல சிறியவற்றைப் பரப்பிவைப்பது. ஸ்டார்லிங்க்கில் ஒன்றைச் சுட்டால் பாதிப்பே தெரியாது. அடுத்தது, போனால் உடனே வேறொன்றை ஏவும் திறன். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளத்தை இந்தக் கோணத்திலும் பார்க்கலாம். அங்கிருந்து செல்லப்போகும் எஸ்.எஸ்.எல்.வி., கேட்டவுடன் குறுகிய நாட்களில் தயார் செய்யும் நோக்கத்தோடு வடிவமைக்கப்பட்ட சின்ன ராக்கெட். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போனால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டும், எரிபொருள் வீணாகும். குலசேகரன்பட்டினத்திலிருந்து நேர்தெற்கே கடல்தான்.

மூன்றாவது, மாற்று வழி. ஜி.பி.எஸ். போலவே இந்தியா சொந்தமாக வைத்திருக்கும் நாவிக் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் பல செயற்கைக்கோள்களில் வெளிநாட்டு அணுக் கடிகாரங்கள் பழுதாகி, 2025 ஜனவரியில் ஏவிய என்.வி.எஸ்-02-உம் வால்வுக் கோளாறால் உரிய பாதைக்குப் போகாமல், அந்த அமைப்பே தள்ளாடுகிறது. எதிரி எவரும் அதைத் தொடவில்லை. வால்வும் கடிகாரமும் போதுமானதாக இருந்தன.

மாலையில் வானத்தைப் பார்த்தால் இந்தத் துண்டுகள் தெரியுமா?

தெரியாது. சூரியன் மறைந்த ஒரு மணி நேரத்துக்குள் வேகமாக, கண்சிமிட்டாமல் குறுக்கே போகும் பிரகாசமான புள்ளி விண்வெளி நிலையமாக இருக்கலாம். ஐந்தாறு நிமிடம் தெரியும். வரிசையாகப் போனால் ஸ்டார்லிங்க். காஸ்மாஸ் 1408-இன் துண்டுகளில் பெரும்பாலானவை எரிந்துவிட்டன. ஃபெங்யுன் துண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை இன்னும் மேலேதான், வெறுங்கண்ணுக்குத் தென்படாமல், நீங்கள் நிமிர்ந்து பார்க்கும் அந்த ஐந்து நிமிடத்திலும் எங்கோ குறுக்கே போய்க்கொண்டிருக்கின்றன.